குடல் நொதிகளும் பாக்டீரியாவும்: கேள்வி பதில்

நான் உயிர்வேதியியல் நடத்துகிறவள், மருத்துவர் இல்லை. மாத்திரை பெயர் தவிர எதையும் கேளுங்கள். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

மேடம், பால் குடித்தால் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. தயிர் ஒன்றும் செய்வதில்லை. ஏன்?

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைப்பது லாக்டேஸ் நொதி. சிறுகுடலின் உள்சுவரில் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் ஏராளம். வளர்ந்தபின் உலகில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் விடும். உப்புசம் அதனால்தான். லாக்டோஸ் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் சிலருக்குப் பேதியும் ஆகும்.

நம் செல்கள் ஹைட்ரஜன் தயாரிப்பதில்லை. அதனால் லாக்டோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அப்புறம் ஊதச் சொல்லி, மூச்சில் ஹைட்ரஜன் ஏறுகிறதா என்று பார்த்தே இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

தயிரில், உறை ஊற்றிய பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கை முன்பே லாக்டிக் அமிலமாக்கிவிடுகிறது. மிச்சத்தை உடைக்கும் நொதியும் அதனுடனேயே உள்ளே போகிறது.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் நொதி நீர்த்துப்போகுமா?

போகாது. குடியுங்கள்.

சுண்டல் சாப்பிட்டாலே வாயு. எனக்கு நொதி குறைவா?

குறைவு இல்லை, யாருக்குமே கிடையாது. கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை, பாக்டீரியாவிடம்தான் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், கொஞ்சம் குறையும்.

வெந்நீர் என்றால் நீர்த்துப்போகுமா மேடம்?

தண்ணீருக்கு மேலே சொன்ன அதே பதில்தான்.

வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காதே?

ஹெலிகோபாக்டர் பைலோரி பிழைக்கிறது. யூரியேஸ் நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்தில் குடியேறிவிடும். அல்சருக்கு இந்தக் கிருமி காரணம் என்று யாரும் நம்பாததால் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. அவருக்கும் உடன் ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு.

அவருக்கு அல்சர் வரவில்லையே! அல்சர் காரத்தால்தான் வரும்.

சரி, அவருக்கு வந்தது அழற்சி மட்டும்தான். ஆனால் அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இந்தக் கிருமியும் வலி மாத்திரையும். காரம் இருக்கிற புண்ணை எரியவைக்கும், புதிதாக உண்டாக்காது.

என் அப்பா காரத்தை விட்டதும் வலி போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எரிச்சல் நின்றது, நல்லது. புண் ஆறியதா என்று யார் பார்த்தது? மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாரா?

தினமும். மெடிக்கலில் வாங்குவதுதான்.

முதல் வரியிலேயே சொன்னேன்! இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தை அந்த மாத்திரைகள் கெடுக்கும். மிளகாயை விட்டுவிட்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் மூச்சுப் பரிசோதனை உண்டு: கார்பனைத் தனியாகக் கண்டுபிடிக்கும்படி அடையாளமிட்ட யூரியாவைக் குடித்தபின் ஊதினால், யூரியேஸ் அதை உடைத்து விட்ட கார்பன் மூச்சில் தெரிந்துவிடும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதையும் டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள்.