வாசகர் கேள்வி – பதில்: தண்ணீருக்குள் கேட்கும் குரல்கள்

கேள்வி: தூண்டிலில் பிடித்த கெளுத்தியைக் கையில் எடுத்ததும் ‘கிர்ர் கிர்ர்’ என்று சத்தமிட்டது. குரல்வளை இல்லாத மீனால் எப்படிச் சத்தம் போட முடிகிறது?
– வாசகர், முசிறி

பதில்: நீங்கள் கேட்டது தொண்டையிலிருந்து வந்த ஒலி அன்று. கெளுத்தியின் செவுளுக்குப் பின்னால் இருபுறமும் விறைத்து நிற்கும் முள்ளின் அடியில் நுண்ணிய வரிகள் இருக்கின்றன. மீன் அந்த முள்ளை அசைக்கும்போது, வரிகள் தோளெலும்பின் குழியில் உராய்ந்து, சீப்பின் பற்களை நகத்தால் வருடியது போன்ற ஒலியை எழுப்புகின்றன. அடுத்த முறை முள்ளை உற்றுப் பாருங்கள் (குத்தினால் வெகுநேரம் கடுக்கும், கவனம்). அசைவும் சத்தமும் ஒன்றாகவே நிகழ்வதைக் காண்பீர்கள்.

வேறு பல மீன்களுக்கு, மீனவர்கள் ‘நெட்டி’ என்று சொல்லும் காற்றுப்பையே இசைக்கருவி. கத்தாளை இனத்து மீன்கள் பையை ஒட்டிய தசைகளை விரைந்து சுருக்கி, பறையை முழக்குவது போல அதை அதிரச் செய்கின்றன. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் வாழும் தேரைமீனின் இத்தசை நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சுருங்கக்கூடியது. முதுகெலும்புள்ள உயிர்களிடம் இவ்வளவு வேகமான தசையைக் காண்பது அரிது. அதன் உறவினமான மிட்ஷிப்மேன் மீனில், பசிபிக் கரையின் கல்லடியில் கூடமைக்கும் ஆண், பெண்ணை அழைப்பதற்காக இரவில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் முரலும். 1980களில் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில், படகு வீடுகளில் வசித்தவர்களின் உறக்கத்தைக் கெடுத்த ரீங்காரத்துக்குக் காரணம் தேடியபோது, தேடல் இந்த மீனிடம்தான் வந்து நின்றது. என்னை மிகவும் வியக்க வைப்பது இதன் பெண் மீன்தான்: இனப்பெருக்கக் காலத்தில் சுரக்கும் ஹார்மோன், ஆணின் குரலில் உள்ள மேல் அதிர்வெண்களும் தெளிவாகக் கேட்கும்படி அதன் செவியையே கூர்மையாக்கிவிடுகிறது.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவது உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒலி கேட்டதற்குச் சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் படகில் சென்று அதைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு ஒப்பிட்டார். ஆனால் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அன்று. ‘ஊரி’ என்னும் நத்தையினத்தை. அந்த நீரிலேயே வாழ்ந்தவர்களின் சொல்லையும் நாம் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: நாட்டுப்படகில் எஞ்சினைப் போட்டால் மீன் விலகிப்போகும் என்பார் என் அப்பா. காதே தெரியாத மீனுக்குச் சத்தம் கேட்குமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நன்றாகவே கேட்கும். கத்தாளைத் தலையைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள், பல்லில் கடிபட்ட வெள்ளைக் கற்கள் இரண்டை எடுத்து ஓரமாக வைத்திருப்பீர்கள். அவை மீனின் காதுக்கற்கள். மீனின் உடல் நீரையொத்த அடர்த்தி கொண்டதால் ஒலி வரும்போது நீருடன் சேர்ந்தே அசைகிறது. கனத்த கல் மட்டும் சற்றுப் பின்தங்க, அதைத் தொட்டிருக்கும் நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கெண்டையிலும் கெளுத்தியிலும் காற்றுப்பையையும் உட்செவியையும் சிற்றெலும்புகள் இணைப்பதால் அவற்றின் செவி இன்னும் கூர்மையானது.

உங்கள் அப்பா சொல்வதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நார்வேக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலில், எண்ணெய் தேடக் கடலடியை ஆராயும் காற்றுத் துப்பாக்கிகளை வெடித்துப் பார்த்த நார்வே ஆய்வாளர்கள், காட் மீன்பாடு சராசரியாகப் பாதியாகக் குறைந்ததையும், அந்தத் தாக்கம் 33 கிலோமீட்டர் தொலைவு வரை பரவியதையும், வெடிப்பு நின்று ஐந்து நாட்களாகியும் நிலைமை பழையபடி திரும்பாததையும் 1996இல் வெளியிட்டார்கள். படகு எஞ்சினின் ஒலி அவ்வளவு பெரியதன்று என்றாலும் அதற்கும் விலை உண்டு. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் நடந்த சோதனைகளில், மோட்டார் படகு ஓடியபோது பவளப்பாறையின் இளம் டாம்செல் மீன்கள் ஆபத்தைக் கண்டு துள்ளி விலகுவதில் தடுமாறின. வேட்டை மீன்களுக்கு இரையானவை இரு மடங்குக்கும் மேல் இருந்தன. டாம்செல் குடும்பத்து மீன்களை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வில், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைவிட ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒலி குறைவாகவே தொல்லை தந்தது. எஞ்சினை மாற்றும் எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால், டீசல், பெட்ரோல் செலவோடு இதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.