மகனுக்கு ரக்பி விளையாட கால்பந்து பூட்ஸே போதுமா?

வணக்கம். 11 வயது மகனுக்கு வீட்டிலிருக்கும் கால்பந்து பூட்ஸே போதுமா, புதிதாக வாங்கினால் வளரும் கால் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கால்பந்து பூட்ஸ் போதும். முதலில் அதைக் கவிழ்த்து முன்நுனியைப் பாருங்கள். நுனியில் ஒற்றை ஸ்டட் (பிடிப்புக்காக அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்) மட்டும் நின்றால் உலக ரக்பி விதிப்படி அது கூடாது. ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் அதன் மேல் நின்று தள்ளும்போது, கீழே கிடப்பவரின் கையையோ முகத்தையோ கிழித்துவிடும். ஸ்டட் நீளம் 21 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது. சோலோடு சேர்த்து வார்த்த ரப்பர் ஸ்டட்டில் கூர்மையான விளிம்பு இல்லாவிட்டால் சரி.

ஒவ்வொரு ஸ்டட்டையும் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். அலுமினிய ஸ்டட்டோடு சிமென்ட் தரையில் நாலடி நடந்தாலே பிசிறு கிளம்பும். நடுவர் ஆட்டத்துக்கு முன் அதைத்தான் தேடுவார். பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள், போகாவிட்டால் ஸ்டட்டையே மாற்றுங்கள்.

இந்த வயதுக்கு என் பரிந்துரை வார்ப்பு ஸ்டட்தான். காய்ந்த தரையில் நீண்ட உலோக ஸ்டட் புதையாது. எடை முழுதும் சில புள்ளிகளில் இறங்கி, வளரும் குதிகாலில் வலி வரும். செயற்கைப் புல் மைதானங்கள் பலவற்றில் உலோகத்துக்கு அனுமதியும் இல்லை. பயிற்சியாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு சைஸ் பெரிதாக மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஸ்க்ரமில், அதாவது இரு அணியினரும் தோள்கோத்து எதிரெதிரே தள்ளும்போது, கால் உள்ளே வழுக்கும், கொப்புளம் வரும், கணுக்கால் பிசகும். ரக்பி சாக்ஸ் போட்டு, மாலையில், நிற்கவைத்து அளவு பாருங்கள். விரல்நுனிக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் போதும். நடக்கும்போது குதிகால் எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம்.