அந்தக் காலத்து மனிதர்கள்

கேள்வி: அந்தக் காலத்தில் மனிதர்களிடம் ஈரம் இருந்தது. இன்று உலகமே கெட்டுவிட்டது. எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா? (எதிர்வீட்டுப் பையன்தான் இதைப் போனில் தட்டி அனுப்பித் தந்தான்.)
– ஒரு வாசகர், மோல்மேன், பர்மா

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை ஐயா. எங்கள் வீட்டில் இது பரம்பரை வியாதி.

தாத்தாவுக்கு நல்ல காலம், 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்ததோடு முடிந்தது. அப்பாவுக்கு 1964, கடைகளை அரசு எடுத்துக்கொள்ள, நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய நேரம். அதற்கு முன்னால் தெருவே ஒரே குடும்பமாக இருந்ததாம். "1949-இல் ரங்கூன் பக்கத்து இன்செயினில் மாதக்கணக்காகச் சண்டை நடந்ததே அப்பா?" என்றால், "அது கிடக்கட்டும்" என்பார். எனக்கு 1988 கிளர்ச்சிக்கு முந்தைய காலம். பேத்திக்கு 2019. அவளுக்கு வயது இருபத்திரண்டு!

அரிசி விலையும் மின்வெட்டும் மனப்பிரமை என்று சொல்லமாட்டேன். இதையே மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது மனிதர்களின் குணத்தை. அதைப் பற்றி மாஸ்ட்ரோயானி, கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 60 நாடுகளின் கருத்துக் கணிப்புகளைப் பார்த்தால், குறைந்தது எழுபது வருஷமாக எல்லா ஊரிலும் இதே புலம்பல்தான். அப்புறம், "நேற்று உங்களை மரியாதையாக நடத்தினார்களா? சமீபத்தில் யாருக்காவது உதவினீர்களா?" என்று கேட்ட கணிப்புகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பதில்கள் வருஷக்கணக்கில் ஏறக்குறைய அப்படியே இருந்தன. கெட்ட செய்திதான் முதலில் கண்ணில் படும். பழைய கசப்போ, பழைய இனிப்பைவிடச் சீக்கிரம் மங்கிவிடும். இது அவர்கள் சொல்லும் காரணம்.

இன்னொன்றும் கண்டார்கள். உலகம் கெட்டுவிட்டது என்பவர்களே தங்களுக்குத் தெரிந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் எதிர்வீட்டுப் பையனை எதில் சேர்த்தீர்கள்?

போன வாரம் பேத்தியிடம், "எங்கள் காலத்தில் அரசாங்கத்தின் 'மக்கள் கடை'யில் எண்ணெய்க்கு நின்றால்கூட ஒருத்தரும் முண்டியடிக்கமாட்டார்கள்" என்று அளந்துகொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "அந்த வரிசையில்தானே ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தீர்கள்?"

நினைத்துப் பார்த்தேன். ஆமாம், இடது கால் செருப்பு.