மர டேம்பர் கடைந்து வாங்கலாமா? கைப்பிடியை மட்டும் கடையச் சொல்லுங்கள்

வீட்டு எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு முழுக்க மரத்திலேயே டேம்பர் (காபித்தூளை அழுத்தும் கட்டை) கடைந்து வாங்க முடியுமா, பெங்களூரில் யார் செய்து தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நானே இரண்டு வாங்கியிருக்கிறேன். முதலாவதை வைத்து இப்போது பூண்டு நசுக்குகிறோம்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் கடைசல் பட்டறைக்குப் போனது ஒரு மார்ச் மாதம். கட்டில் கால், மாடிப்படித் தூண் கடையும் தமிழ்ப் பெரியவர். என் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, பம்பரத்துக்கு ஆணி வரைய மறந்துட்டியா?" என்றார். மெஷினில் தூள் போடும் வட்டச் சல்லடைக் கிண்ணமான பாஸ்கெட்டைக் கொடுத்தேன். ஈட்டிக் கட்டையில் ஒரே துண்டாகக் கடைந்து, வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து அளந்து பார்த்து 58 மி.மீ. பாஸ்கெட்டுக்கு மூடி போலக் கச்சிதமாக உட்கார வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை மழையில் ஒருநாள் காலை அழுத்தினேன், மேலே வரவில்லை. பாஸ்கெட்டோடு கழற்றி, தட்டி, திருகி எடுப்பதற்குள் ஆபீஸ் பஸ் போய்விட்டது. மரம் நீளவாக்கில் அசையாது, ஈரம் பட்டால் குறுக்குவாக்கில்தான் ஊதும். 58 மி.மீ. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் ஊதினாலே சிக்கிக்கொள்ளும். வட்டமாகவும் ஊதாது, முட்டை வடிவத்துக்குப் போகும். சரி, ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்தால்? ஓரத்துத் தூள் அழுந்தாமல் நிற்கும், தண்ணீர் அந்த வழியாகத் தப்பித்து ஓடிவிடும். நம்ம ஃபில்டரில் குடையைச் சும்மா மேலே வைத்தாலே டிகாஷன் இறங்கும். இங்கே 9 பார் அழுத்தத்தில் தண்ணீர் வருகிறது, இண்டு இடுக்கு கிடைத்தால் விடாது.

ஆகவே அடி ஸ்டீலாக இருக்கட்டும். விலை குறைந்த டேம்பர் ஒன்றை வாங்கிக் கைப்பிடியைத் திருகிக் கழற்றுங்கள். (வாங்கும் முன் உங்கள் பாஸ்கெட்டை அளந்துவிடுங்கள். வீட்டு மெஷின்களில் 51, 54 எல்லாம் உண்டு.) ஸ்டீல் அடியில் இருக்கும் திருகு மரையில் சரியாக ஏறும் போல்ட்டையும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

என் இரண்டாவது டேம்பரின் கைப்பிடிக்குக் காபி மரமே கிடைத்தது. சிக்கமகளூரு நண்பர் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட பழைய செடிகளின் அடித்தண்டு மூன்று. பெரியவர் முகர்ந்து பார்த்து, "வாசனையே இல்லையே" என்று ஏமாந்தார். பிறகு, "ரெண்டு முனையிலயும் மெழுகு தடவி கட்டிலுக்கு அடியில போடு. ஆறு மாசம் அதை மறந்துடு" என்றார். தண்டு ஒல்லி என்பதால் நடுச்சோறு (தண்டின் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி) உள்ளேயே மாட்டிக்கொள்ளும், காயும்போது அங்கிருந்துதான் வெடிக்கும். மூன்றில் ஒன்றுதான் தேறியது.

போல்ட் துளையை முதலில் போட்டுவிட்டு அப்புறம் வெளிப்பக்கம் கடையச் சொல்லுங்கள். கட்டை லேத்தில் சுற்றும்போதே போட்ட துளைதான் நடுவில் நிற்கும். கையால் போட்டால் கோணும், டேம்பர் சாயும், தூள் ஒரு பக்கம் மெலிந்து தண்ணீர் அங்கே பாயும்.

வடிவத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் சப்பாத்தி மாவை உருட்டி, கதவுக் குமிழைப் பிடிப்பதுபோல் பிடித்து அழுத்தி, அந்த அச்சை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் டப்பாவில் கொண்டுபோனேன். பெரியவர் சிரித்தாலும் காலிப்பரை மாவில் வைத்துத்தான் அளவெடுத்தார். உளியை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே இறக்கினார், எதிர்த்து ஏற்றினால் நார் பிய்ந்துவிடுமாம். 120-ஆம் நம்பரில் தொடங்கி 400 வரை உப்புத்தாள், கடைசியில் சுற்றச் சுற்றத் தேன்மெழுகு. கூலி 300 ரூபாய். போல்ட்டை அரால்டைட் போட்டு நானே ஒட்டினேன்.

மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னப்பட்டணா 60 கிலோமீட்டர்தான், அங்கேயே போகலாமே என்பார்கள். சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே உருகவைத்து, தாழை மடலால் மெருகேற்றுவதைப் பார்க்கவாவது போய்வரலாம். ஆனால் அவர்கள் கடைவது பெரும்பாலும் ஆலெ மரம், நம் வெட்பாலை. பொம்மைக்கு அருமை, இதற்கு எனக்குக் கனம் போதாது. அரக்கும் சூட்டில் இளகும். மெஷின் மேல்தட்டில் கப்புக்குப் பக்கத்தில் டேம்பரை வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், மெழுகே போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, கை வழுக்கும்.