சொந்த வீட்டில் பி அண்ட் பி: இரண்டு ஆண்கள் டபுள் ரூம் கேட்டால் மறுக்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் இங்கிலாந்தில் டெவன் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். வீட்டின் மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம், காலைச் சாப்பாடும் உண்டு, அதாவது பி அண்ட் பி. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். ஆகஸ்டில் நான்கு இரவுக்கு டபுள் ரூம் (இருவருக்கும் ஒரே கட்டில் போட்ட அறை) கேட்டு இரண்டு ஆண்கள் எங்கள் வெப்சைட் வழியாக எழுதியிருக்கிறார்கள். திருமணமானவர்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் வீடுதானே, வேண்டாம் என்று சொல்ல உரிமை கிடையாதா? வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தால் சட்டத்தில் விலக்கு உண்டு என்று கணவரின் நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படி இல்லையென்றால், அறை காலியில்லை என்று சொல்லி முடித்துவிடலாமா?

பதில்: மறுக்க முடியாது. காலியில்லை என்று பொய் சொல்வது அதைவிட மோசம். அறை கேட்டு எழுதியவர்கள் காத்திருப்பார்கள் என்பதால் இவ்வளவையும் உங்களுக்கு மின்னஞ்சலில் முன்பே சொல்லிவிட்டேன். இதே சந்தேகம் உள்ள வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நண்பர் சொன்ன விலக்கு. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் ‘சிறிய வீடுகள்’ என்று ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய உறவினரோ அதே வீட்டில் குடியிருந்து, குளியலறை, சமையலறை மாதிரி ஏதாவது ஒரு பகுதியை வாடகைக்கு வருபவரோடு பகிர்ந்துகொண்டால், யாரை வைத்துக்கொள்வது என்பதில் அவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஆனால் அது லாட்ஜர் வைப்பவர்களுக்கானது. அதாவது உங்கள் வீட்டையே தன் வீடாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கும் ஆளுக்கு. வேறு எங்கோ வீடு வைத்துக்கொண்டு நான்கு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கான இடத்தை, வீட்டு வாடகை பற்றிய பகுதியிலிருந்தே சட்டம் வெளியே எடுத்துவிடுகிறது. 32ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அப்போது உங்கள் மாடி அறைகள் 29ஆவது பிரிவுக்குள் வருகின்றன. ஹோட்டல், சலூன், டாக்ஸி என்று பொதுமக்களுக்குச் சேவை தரும் எல்லோரும் அடங்கும் பிரிவு அது. சிறிய வீடுகளுக்கான விலக்கு அங்கே செல்லாது.

இந்தக் குழப்பத்துக்கு வருமானவரியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘ரென்ட் எ ரூம்’ திட்டத்தில் வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வரி கிடையாது. அந்தச் சலுகை லாட்ஜர் வைப்பவருக்கும் உண்டு, சொந்த வீட்டில் பி அண்ட் பி நடத்துபவருக்கும் உண்டு. வரி அலுவலகம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால், எல்லாச் சட்டமும் அப்படித்தான் பார்க்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சரி, நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது? உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. பெர்க்‌ஷயரில் குக்கம் என்ற ஊரில் ஒரு பெண்மணி தன் கணவர், பிள்ளைகளோடு வாழ்ந்த வீட்டிலேயே பி அண்ட் பி நடத்தினார். 2010 மார்ச்சில் இரண்டு ஆண்கள் முன்பணம் கட்டிவிட்டு வந்தார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததும், டபுள் ரூமை இரண்டு ஆண்களுக்குத் தர என் நம்பிக்கை இடம் தராது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் யாரையும் திட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அது அவரைக் காப்பாற்றவில்லை. இது குடும்பம் வாழும் வீடு, எங்கள் தனிவாழ்வுக்கும் மத நம்பிக்கைக்கும் மதிப்பில்லையா என்ற வாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் அங்கேயும் தோற்றார். வந்த இருவருக்கும் ஆளுக்கு 1,800 பவுண்டு இழப்பீடு.

அந்த இருவரும் அப்போது திருமணம் செய்துகொண்டவர்களும் இல்லை, பதிவு செய்த வாழ்க்கைத் துணைகளும் இல்லை. உங்களிடம் கேட்டிருப்பவர்கள் திருமணமானவர்கள். அதனால் உங்கள் நிலை இன்னும் பலவீனமானது.

இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, புல் எதிர் ஹால். கார்ன்வாலில் மராசியன் என்ற கடலோர ஊரில் கிறிஸ்தவத் தம்பதி ஒருவர் தாங்கள் குடியிருந்த கட்டடத்திலேயே ஹோட்டல் நடத்தினார்கள். டபுள் ரூம் திருமணமான ஆண்-பெண் ஜோடிக்கு மட்டும்; தனிக்கட்டில் போட்ட ட்வின் ரூம் யாருக்கும் கிடைக்கும். இதுதான் அவர்கள் விதி. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் வந்தாலும் டபுள் ரூம் கிடையாது, ஆகவே பாரபட்சம் இல்லை என்பது அவர்கள் கட்சி. 2008 செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு ஆண்கள் வழக்குப் போட்டார்கள். 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகளும் விருந்தினர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். நேரடிப் பாரபட்சமா, மறைமுகப் பாரபட்சமா என்பதில் மட்டும் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். அன்றைக்கு ஆணும் ஆணும் சட்டப்படி மணக்க முடியாது என்பதால் எழுந்த கேள்வி அது. 2014 மார்ச்சிலிருந்து இங்கிலாந்தில் மணக்கலாம். ஆகவே உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கலான விவாதத்துக்கே இடமில்லை.

அந்தத் தீர்ப்பில், ஐந்து நீதிபதிகளில் ஒருவரான லேடி ஹேல் சொன்ன இரண்டு விஷயங்களை உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொல்லலாம். ஒன்று, வழக்கைத் திருப்பிப் போட்டாலும் விடை இதுதான். அந்த இரண்டு ஆண்கள் ஒரு ஹோட்டல் நடத்தி, நீங்கள் கிறிஸ்தவர்கள், உங்களுக்கு டபுள் ரூம் இல்லை என்று அந்தத் தம்பதியிடம் சொல்லியிருந்தால் அந்த ஆண்களும் இதே கூண்டில்தான் நின்றிருப்பார்கள். மற்றொன்று, உங்கள் நம்பிக்கையை வீட்டில் காட்டிக்கொள்ளத் தடையே இல்லை. அந்த ஹோட்டலில் பைபிள் வைத்திருந்தார்கள், மதப் பிரசுரங்கள் வைத்திருந்தார்கள். அதில் யாரும் குறை சொல்லவில்லை. உங்கள் பூஜை அறை, மணி, சாம்பிராணி எல்லாம் அப்படியே இருக்கலாம். நம்பிக்கையின் பேரில் வந்தவரை வாசலில் திருப்பி அனுப்புவதை மட்டும்தான் சட்டம் தடுக்கிறது.

லண்டனில் நம்மவர்கள் வந்து இறங்கிய காலத்தில் வாடகை வீட்டு ஜன்னல்களில் ‘கறுப்பர்களுக்கு இடமில்லை’ என்று அட்டை தொங்கியதை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் முன்னால், 1943இல், மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லண்டன் ரஸல் ஸ்குவேரில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் குடும்பத்தோடு தங்க முடியாமல் வழக்குப் போட வேண்டியிருந்தது. மறுவருடம் ஜெயித்தார், கிடைத்தது 5 கினி, அதாவது ஐந்து பவுண்டுக்குச் சற்று அதிகம். ‘என் கட்டடம், என் இஷ்டம்’ என்ற அதே வாதம்தான் நம் மேலும் பாய்ந்தது. இன்று லாட்ஜர் விலக்கில்கூட இனத்துக்கு இடம் கிடையாது: ஒரே ஓர் அறையை விடுபவர்கூட இந்தியர் என்பதற்காக ஆளை மறுக்க முடியாது. இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. மாமியாரோடு பேசும்போது சட்டப் பிரிவுகளைவிட இது உதவும் என்பது என் அனுபவம்.

இப்போது அந்தப் ‘காலியில்லை’ யோசனைக்கு வருவோம். தேதி ஆகஸ்ட், ஊர் கடலோரம். நீங்கள் ‘மன்னிக்கவும், நிரம்பிவிட்டது’ என்று எழுதுகிறீர்கள். உங்கள் வெப்சைட் காலண்டரில் அதே நான்கு நாளும் பச்சையாக நிற்கிறது. அன்று சாயங்காலமே அவர்களுடைய அக்காவும் அத்தானும் அதே தேதிக்குக் கேட்டு எழுதுகிறார்கள், நீங்கள் சந்தோஷமாகச் சரி என்கிறீர்கள். இரண்டு மின்னஞ்சல், ஒரு ஸ்க்ரீன்ஷாட், வேறு சாட்சி வேண்டாம். பாரபட்சம் நடந்திருக்கலாம் என்று நீதிமன்றம் நினைக்கும் அளவுக்கு அவர்கள் காட்டிவிட்டால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். 136ஆவது பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பொய் சொன்னவருக்கு அந்தச் சுமையை இறக்கி வைப்பது லேசில்லை.

வழக்கு கவுன்டி கோர்ட்டில் போடப்படும். சம்பவம் நடந்ததிலிருந்து ஆறு மாதம் அவகாசம். கையிலிருந்து பணம் எதுவும் போகாவிட்டாலும், மனம் புண்பட்டதற்கே இழப்பீடு கேட்கலாம். 1,800 பவுண்டு பத்து வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு, அளவுகோல் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது. உண்மையில் பயப்பட வேண்டியது வக்கீல் செலவுக்குத்தான், அது இழப்பீட்டைத் தாண்டிப் போவது சாதாரணம். புக்கிங்கைக் கவனிக்கும் தம்பியிடமோ அறை சுத்தம் செய்யும் பெண்ணிடமோ ‘அப்படிப்பட்டவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு’ என்று சொல்லிவைப்பதும் உதவாது. அப்படிச் சொல்லிவைப்பதே தனிக் குற்றச்சாட்டாகும்.

ஏர்பிஎன்பியிலும் வீட்டைப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிறுவனத்தின் விதி சட்டத்தைவிடக் கறார். பாலின நாட்டம் மட்டுமில்லை, திருமணமானவரா இல்லையா என்பதை வைத்தும் மறுக்கக் கூடாது என்கிறது. 2018 முதல் புக்கிங்கை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விருந்தினரின் படமே ஹோஸ்டுக்குத் தெரியும். மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள், அதற்குக் கோர்ட் தேவையில்லை.

வட அயர்லாந்தில் 2010 சட்டம் பொருந்தாது, அங்கே 2006ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. ஹோட்டல், தங்கும் விடுதி விஷயத்தில் விடை மாறாது. அங்கே கேக் கடைக்காரர் ஜெயித்தாரே என்று சிலர் கேட்பார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது உண்மை. ஆனால் அவர் ஆளை மறுக்கவில்லை, கேக்கின் மேல் எழுதச் சொன்ன, ஓரினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை மறுத்தார் என்றுதான் தீர்ப்பு. டபுள் கட்டிலில் யாரும் வாசகம் எழுதச் சொல்லவில்லை.

மத அமைப்புகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது அமைப்புகளுக்கு மட்டும்தான். அவற்றின் முக்கிய நோக்கம் வியாபாரமாக இருந்தால் அதுவும் கிடையாது. குடும்பம் நடத்தும் பி அண்ட் பிக்கு அது எட்டாது.

அப்படியானால் உங்கள் கையில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. பார்ட்டி கூடாது, வீட்டுக்குள் சிகரெட் கூடாது, ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது, எங்கள் சமையலறையில் அசைவம் சமைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி விதி வைக்கலாம். கீழ்த்தளத்தைக் குடும்பத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிக் கதவு போடலாம், காலைச் சாப்பாட்டை மாடிக்கே அனுப்பலாம். மாமியாரின் நிம்மதிக்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம். டபுள் கட்டில் விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால், இரண்டு அறையையும் ட்வின் ரூமாக மாற்றி, புதுமணத் தம்பதி வந்தாலும் தனிக்கட்டில்தான் என்று சொல்லலாம். லேடி ஹேலே இந்த வழியைச் சுட்டிக்காட்டினார். வியாபாரம் அடிபடும், அது உங்கள் கணக்கு. சுற்றுலாக்காரர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டு லாட்ஜர் வைக்கலாம், அப்போது நண்பர் சொன்ன விலக்கு உங்களுக்கும் கிடைக்கக்கூடும். எல்லாவற்றையும் நிறுத்தவும் செய்யலாம். ஆனால் இந்த மாற்றம் எதையும் இந்த இருவரின் கோரிக்கை வந்த அதே வாரத்தில் செய்யாதீர்கள். அவர்களுக்காகவே செய்ததாகத்தான் அது தெரியும்.

‘திருமணமானவர்களுக்கு மட்டும்’ என்ற போர்டு வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைத்தாலும் இந்த இருவரும் அந்தப் போர்டுக்குள் அடங்குகிறார்கள். அந்த விதியே ஏர்பிஎன்பியில் செல்லாது. மற்ற இடங்களில் அது வம்பை விலைக்கு வாங்குவது.

அவர்களுக்கு எழுதும் பதில் எப்படி இருக்க வேண்டும் என்றால், போன வாரம் வந்த தம்பதிக்கு நீங்கள் அனுப்பிய அதே மின்னஞ்சலை எடுங்கள். தேதி, வாடகை, முன்பணம், செக்-இன் நேரம், கார் நிறுத்தும் இடம். பெயரை மட்டும் மாற்றுங்கள். ‘வீட்டில் பெரியவர் இருக்கிறார், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கத் தோன்றும். மற்ற விருந்தினர்களுக்கு அந்த வரி போவதில்லை என்றால் இவர்களுக்கும் போகக் கூடாது. அறையைக் கொடுத்துவிட்டு, இவர்களுக்கு மட்டும் தனி நிபந்தனை போடுவதும் அதே 29ஆவது பிரிவில்தான் வருகிறது.