இரண்டாம் சுற்றில் எதைத் திரும்ப வாங்கிக்கொள்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் இரண்டு நண்பர்களும் வேலை நேரம் போக ஒரு ஓபன் வேர்ல்டு ஆர்பிஜி செய்துகொண்டிருக்கிறோம், அதாவது ஒரு பாத்திரமாக இருந்து, பெரிய உலகில் இஷ்டம்போல் சுற்றித் திரிந்து ஆடும் வீடியோ கேம். கதை ஒரு தீவுக்கூட்டத்தில் நடக்கிறது. முடித்தவர்கள் மறுபடி ஆடுவதற்காக நியூ கேம் ப்ளஸ் வைத்தோம். ஆயுதம், லெவல், பணம், திறந்த மேப் எல்லாம் கூடவே வரும். எதிரிகளின் ஹெல்த் இரண்டு மடங்கு. ஆடிப்பார்த்த எல்லோரும் ஒரு மணி நேரத்தில் மூடிவிடுகிறார்கள். மூன்று மடங்காக்கிப் பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று மடங்கு வேண்டாம். இரண்டு மடங்கையே கொஞ்சம் குறையுங்கள். ஒரே எதிரியை அதே அடியால் இன்னும் நெடுநேரம் அடிப்பதில் யாருக்கும் சுகமில்லை.

ஓபன் வேர்ல்டில் முதல்முறை இறங்குகிறவர் பாதி நேரம், அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் நடக்கிறார். நீங்கள் மேப்பைத் திறந்தே கொடுத்து, பையையும் நிரப்பிவிட்டீர்கள். அப்புறம் அவர் எதைத் தேடிப் போவார்? அலைச்சலைக் குறைத்த பொருட்கள் கூட வரட்டும்: படகு, குதிரை, பெரிய பை. எதைத் தேடுவதே ஆட்டமாக இருந்ததோ, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

2015இல் வந்த விட்சர் 3இன் இரண்டாம் சுற்றில் வாள், கவசம், திறன்கள் எல்லாம் கூட வரும். கேமுக்குள்ளேயே ஆடும் சீட்டாட்டமான க்வென்ட்டின் சீட்டுகள் வராது. அத்தனை நாள் சேர்த்த கட்டு போய்விட்டதே என்று எனக்கு முதலில் கோபம்தான். கதை தொடங்கும் ஒயிட் ஆர்ச்சர்டு ஊரின் சத்திரத்தில், க்வென்ட் கற்றுத்தரும் படிப்பாளியிடம் மறுபடி முதல் ஆட்டம் ஆடியபோது புரிந்தது. சீட்டுக்காகத்தான் ஊர் ஊராக வியாபாரிகளிடம் பேசியிருக்கிறேன். கட்டு கையில் இருந்திருந்தால் ஒருவரிடமும் நின்றிருக்க மாட்டேன்.

2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு இதைக் கடைசிவரை கொண்டுபோனது. கப்பல், பணம், கட்டிய தளங்கள் எல்லாம் போய்விடும். லெவல், திறன்கள், கோயில்களில் பெற்ற சிறப்புச் சக்திகள் ஆகியவை மிஞ்சும். இப்படி எல்லாவற்றையும் இழப்பதே கதையின் முடிவாக இருப்பதால் வலித்தாலும் நியாயமாகப் படுகிறது. நான் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து வந்தவன் என்று சொல்லி, முதன்மைக் கதையைத் தாண்டிப் போகவும் விடுகிறார்கள். ஆனால் அந்தச் சக்திகளை முழுதாக வளர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதே கோயில்களுக்குப் போய், அதே ஒளிப்புள்ளிகளுக்குள் மிதந்து வர வேண்டும். அங்கேதான் நான் சலித்துப்போனேன்.

எதிரிகளைக் கடினமாக்கியே தீர வேண்டும் என்றால் 2014இன் டார்க் சோல்ஸ் 2ஐப் பாருங்கள். முதல் சுற்றில் காலியாக இருந்த சில இடங்களில் இரண்டாம் சுற்றில் சிவப்பு உருவங்கள் நிற்கும். இங்கே யாரும் இல்லை என்ற நம்பிக்கையில் நடந்து வருகிறவருக்குத்தான் அது வைத்த அடி. இடம் பழசுதான், பயம் புதுசு.

சரி, உங்கள் தீவுக்கு வருகிறேன். ஆடுகிறவரிடம் நீங்கள் பறிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது: அவருக்குக் கதை தெரியும். 1995இலேயே க்ரோனோ டிரிக்கர் இதைப் பயன்படுத்திக்கொண்டது. நியூ கேம் ப்ளஸ் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். இரண்டாம் சுற்றில் திருவிழாத் திடலில், ஆளை வேறிடத்துக்கு அனுப்பும் டெலிபாட் கருவிகளில் ஒன்று மினுங்கும். அதில் ஏறினால் நேரே கடைசி எதிரியிடம் போகலாம். கதையின் எந்தக் கட்டத்தில் போய் வெல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்.

உங்கள் கேமில் ஒரு படகோட்டி, தொலைந்த நங்கூரத்தைத் தேடித் தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எந்தக் குகையில் கிடக்கிறது என்று இரண்டாம் சுற்றுக்காரருக்குத் தெரியும். அவர் முதலில் குகைக்குப் போய், நங்கூரத்தோடு வந்து நின்றால் படகோட்டி என்ன சொல்வார்? பெரும்பாலான கேம்களில் ஒன்றும் நடக்காது, நங்கூரமே குகையில் இருக்காது. உங்கள் கேமில் இருக்கட்டும். "நான் இன்னும் கேட்கவே இல்லையே தம்பி, உனக்கு யார் சொன்னது?" என்று அவர் கேட்கட்டும். அன்று இரவு அவர் படகை எடுக்காமல் போகட்டும்.

முதலில் படகோட்டியுடையது போன்ற மூன்று குவெஸ்ட்களில் (கேமில் தரும் வேலைகளில்) மட்டும் இதைச் செய்து, அதே நண்பர்களிடம் ஆடக் கொடுங்கள். எந்த இடத்தில் மூடினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.