வால்பேப்பரை எடுத்தால் வேகம் கூடுமா?

கணினிப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் டெஸ்க்டாப் கணினியில் விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்து வேலை தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. வால்பேப்பரை எடுத்துவிட்டேன். 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' தேர்வையும் கொடுத்துப் பார்த்தேன். வேகம் கூடவில்லை, எழுத்துகள்தான் பிசிறு பிசிறாகத் தெரிகின்றன.
(அருப்புக்கோட்டை வாசகர்)

பதில்: முதலில் எழுத்துகளைச் சரி செய்துகொள்ளுங்கள். நீங்கள் தேர்வு கொடுத்த அதே பெட்டியில் 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' என்ற வரிக்கு டிக் போடுங்கள். இது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளின் வளைவுகள் படிக்கட்டு போல உடைந்துதான் தெரியும். கூடவே 'ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்', 'யூஸ் டிராப் ஷேடோஸ் ஃபார் ஐகான் லேபிள்ஸ்' இரண்டுக்கும் டிக் போடலாம். இரண்டாவது இல்லையென்றால் வெளிர்நிற வால்பேப்பர் மேல் ஐகான் பெயர்களைப் படிக்க முடியாது. 'அனிமேட்', 'ஃபேட்' என்று தொடங்கும் வரிகளை விட்டுவிடலாம்.

இவற்றை நீக்கியும் வேகம் கூடாததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 8 முதல் திரையை ஒன்றுசேர்த்துக் காட்டும் வேலையை எப்போதும் கிராஃபிக்ஸ் சிப்தான் செய்கிறது. நிழலையும் அசைவையும் எடுத்தால் மெனு சற்றுச் சட்டென்று திறப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். உங்கள் நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நிற்கும்.

ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. படிக்கும் முள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர 12 மில்லி நொடி போலாகும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 80 இடங்கள்தான். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுவதால் அத்தனையும் வரிசையில் காத்துக்கிடக்கின்றன. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது, 0.1 மில்லி நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும். பழைய கணினிக்குச் செலவழிக்கும் முதல் பணம் எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும்.

240 அல்லது 256 ஜிபி கொண்ட, 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும் (சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை). ஒரு சாட்டா டேட்டா கேபிளும் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு காலி பவர் இணைப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இருக்கும் விண்டோஸை அப்படியே புதியதற்கு நகலெடுப்பதானால் (க்ளோன்), பழைய டிஸ்க்கில் நிரம்பியிருப்பது புதியதன் கொள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். படங்களையும் வீடியோக்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அதுவே பேக்கப்பாகவும் இருக்கும்.

க்ளோன் முடிந்ததும் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான்: இரண்டு டிஸ்க்கையும் மாட்டிய நிலையிலேயே ஆன் செய்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும், அல்லது பழைய டிஸ்க்கிலிருந்தே தொடங்கிவிடும். பழையதன் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியிலிருந்து மட்டும் ஆன் ஆகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். பிறகு பழையதை மாட்டி ஃபார்மேட் செய்து, கோப்புகள் வைக்கப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது ராம். டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பக்கம், 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் 2இல் 1 என்று இருந்தால் இன்னொரு 4 ஜிபி போட இடம் இருக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ராம் வகைகள் இரண்டுக்கும் வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும். மாற்றி வாங்கினால் பொருந்தாது. பழைய கட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

கேள்வி: அசையும் வால்பேப்பர் வைத்தால் லேப்டாப் மெதுவாகுமா? சாதாரணப் படம் வைத்தாலும் மங்கலாகவே தெரிகிறது.
(தேனி, கல்லூரி மாணவி)

பதில்: நிலையான படம் எதுவானாலும் கவலையில்லை. 1920 x 1080 திரையை நிரப்பும் படம் நினைவகத்தில் ஏறத்தாழ 8 எம்பிதான். ஒரு பிரவுசர் டேப் இதைப்போலப் பல மடங்கு எடுத்துக்கொள்கிறது. அசையும் வால்பேப்பர் கதை வேறு. அது நாள் முழுக்க ஓடும் வீடியோ. கிராஃபிக்ஸ் சிப் ஓய்வெடுக்காது, ஃபேன் சத்தம் போடும், பேட்டரி இறங்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால், வேறு செயலி முழுத்திரையில் இருக்கும்போதும் பேட்டரியில் ஓடும்போதும் தானாக நிற்கும் வசதி அந்த மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். லைவ்லி வால்பேப்பர், வால்பேப்பர் எஞ்சின் இரண்டிலும் இருக்கிறது.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை இழுத்துப் பெரிதாக்கினால் கலங்கத்தான் செய்யும். மூலப்படத்தை எடுத்து, உங்கள் திரையின் அளவுக்கே வெட்டி வையுங்கள். 'டிஸ்ப்ளே' செட்டிங்ஸில் 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் அந்த அளவு இருக்கும்.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2000க்கு மேல் எழுத்துருக்கள் போட்டிருக்கிறேன். போட்டோஷாப் திறக்க வெகுநேரமாகிறது. டெஸ்க்டாப்பில் பாமினி எழுத்துருவில் வைத்த கோப்புப் பெயர்களும் ஏதோ ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன.
(சிவகாசி வாசகர்)

பதில்: இரண்டு பிரச்சினைக்கும் வேர் எழுத்துருதான், ஆனால் காரணம் வேறு வேறு. போட்டோஷாப் போன்ற மென்பொருள் திறக்கும்போது நிறுவியிருக்கும் எழுத்துருக்களையெல்லாம் படித்துப் பட்டியல் போடுகிறது. தினம் பயன்படுத்தும் நூறு, இருநூறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் கோப்புகளை 'கல்யாணப் பத்திரிகை', 'போஸ்டர்' என்று ஃபோல்டர் பிரித்து வேறு டிரைவில் வையுங்கள். வேலை வரும்போது இன்ஸ்டால் செய்து, முடிந்ததும் எடுத்துவிடலாம். 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து நீக்குவதற்கு முன் நகல் எடுக்க மறக்காதீர்கள். நிர்மலா யுஐ, செகோ யுஐ ஆகியவற்றைத் தொடவே கூடாது; விண்டோஸின் மெனுக்களும் தமிழும் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

பாமினி யுனிகோடு எழுத்துரு அல்ல (யுனிகோடு என்பது தமிழைத் தமிழாகவே பதிவுசெய்யும் பொது முறை). அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பாமினி எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் முகம் பூசிக் காட்டுகிறது. டெஸ்க்டாப் பெயர்களைக் காட்ட அந்த எழுத்துருவைப் பயன்படுத்தாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து டெஸ்க்டாப் எழுத்துருவையே பாமினியாக மாற்றச் சொல்வார்கள், செய்யாதீர்கள். அப்புறம் விண்டோஸின் ஆங்கில மெனுக்களெல்லாம் பொருளற்ற தமிழாக மாறிவிடும். கோப்புப் பெயரை மட்டும் யுனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் அடியுங்கள். அச்சு வேலை பாமினியிலேயே நடக்கட்டும்.

கேள்வி: டெஸ்க்டாப் நிறைய ஐகான்கள் இருந்தால் வேகம் குறையுமா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: ஷார்ட்கட் ஐகான்களால் பெரிய பாதிப்பு இல்லை. டெஸ்க்டாப்பில் வைப்பவை வழக்கமாக சி டிரைவில்தான் உட்காருகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. வீடியோக்களைக் குவித்தால் சி டிரைவ் நிரம்பி, அப்டேட் இறங்க இடமில்லாமல் போகும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது முதலில் காணாமல் போவதும் டெஸ்க்டாப் கோப்புகள்தான்.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ3 கணினி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
(திருவாரூர் வாசகர்)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிபந்தனை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்; அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும். பேனலை (விண்டோஸின் டாஸ்க்பார் போன்றது) மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதிலிருந்து ஐகான் வடிவம்வரை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் மென்பொருளால் லினக்ஸ் மின்ட்டை எழுதி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஒலி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க இதுவே நேரம். பென்டிரைவில் மெதுவாகத்தான் ஓடும். வேகத்தை அதை வைத்து எடைபோட வேண்டாம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை நம்பி உங்கள் வேலை இருந்தால் மட்டும் யோசித்து மாறுங்கள், அது லினக்ஸில் நேரடியாக இயங்காது.